தியாகி மாயவனுக்குத் தொப்பை வந்த கதை

கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. (எனக்கு யோசனை வந்தால் வீட்டில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.) சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போய், உள்ளே பட்டினி கிடந்து, வெளியே வந்த மாதமே செத்துப்போன மாயவன் எங்கள் பக்கத்துக்காரர். அவருக்கு ஒரு சிலைகூட இல்லை. பொம்மை செய்தே பேர்வாங்கிய விருத்தாசலத்துக்கு இது அடுக்குமா?

நேராக அவர் மகள் தனபாக்கியம் வீட்டில் போய் நின்றேன். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பாவை இழந்தவர். எண்பது தாண்டியும் அந்த முகம் எப்படியிருக்கும் என்று தெரியாது, போட்டோவும் கிடையாது.

"உங்கப்பா முகத்த நான் காட்டறேன் பாட்டி" என்று வாக்குக் கொடுத்தேன். போட்டோ இல்லாமல் எப்படி என்று என் மூளை கேட்கவே இல்லை. அது போஸ்டர் அடிப்பதில் மும்முரமாக இருந்தது.

பொம்மைப் பட்டறை வைத்திருக்கும் மாமாதான் வழி சொன்னார். "புது அச்சு எடுக்க எங்க பாப்பா நேரம் இருக்குது? பெரிய சைஸ் கொலு பொம்மை அச்சு ஒண்ணு கெடக்குது. மீசைய முறுக்கி வுட்டா தியாகிதான்!"

அச்சில் இருந்தவர், கொலுவில் அரிசி பருப்புக்கு நடுவே உட்காரும் மளிகைக் கடைக்காரர்.

"கண்ணுல கொஞ்சம் கோவம் வேணும் மாமா" என்றேன், பெரிய ஆராய்ச்சியாளர் தோரணையில். மீசையையும் கண்ணையுமே திருத்திக்கொண்டிருந்தவளுக்குக் கழுத்துக்குக் கீழே பார்வை போகவில்லை.

திறப்பு விழா மண்டபத்தில் கவுன்சிலர் சிலைமேல் இருந்த பட்டுத்துணியை இழுத்தார். முன்வரிசையில் ஒரு அம்மா, "அய்ய, இவரு எங்க வூட்டுக் கொலுவுல மூணாம் படியில இருக்காரே!" என்றார். மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. கவுன்சிலர் சமாளிக்கிறேன் என்று மைக்கைப் பிடித்து, "தியாகி நல்ல ஆரோக்கியமா இருந்திருக்காருங்க" என்றார். (பூமி பிளக்கவில்லை. நான் எவ்வளவோ வேண்டிக்கொண்டேன்.)

தனபாக்கியம் மெதுவாக மேடையேறி வந்தார். சிலையின் தொப்பையைத் தடவினார்.

"ஜெயில வுட்டு வெளிய வரசொல்ல வயிறு முதுவோட ஒட்டிக் கெடந்துதுன்னு எங்கம்மா சொல்லும். இதுலயாவது நல்லா சாப்ட்டிருக்காரு. நீ நல்லா இரு பாப்பா."

அவர் குத்திக்காட்டவில்லை. மனசார வாழ்த்தினார். அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

இப்போதெல்லாம் நான் இரண்டாவது முறை சோறு கேட்டால், அம்மா கரண்டியோடு நின்று, "போதுமா, இல்ல தியாகி ஆவணுமாடி?" என்பாள். வந்த விருந்தாளிக்கெல்லாம் கதை தெரியும். நானும் சிரித்துவைப்பேன். அதற்குமேல் சோறு இறங்காது.

போன வாரம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அது கெடக்குது வுடு" என்றார் தனபாக்கியம். "என் நெத்தியும் மூக்கும் அப்புடியே அவருதுன்னு எங்கம்மா பாத்துப் பாத்து அழும். அத வெச்சு எதுனா ஆவுமா?"

வரும் ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் களிமண்ணோடு அவர் வீட்டுக்குப் போகிறோம். அவரை எதிரே உட்காரவைத்து, கையாலேயே பிடித்துப் பார்க்கப்போகிறோம். அச்சு இல்லை, போஸ்டர் இல்லை, கவுன்சிலர் இல்லை.

நேற்று போனில் அவர் ஒன்றுதான் சொன்னார்: "கண்ணு மங்கிக்கிட்டே வருது பாப்பா. வெரசா வாங்க."