தீரவிசாரியும் மூன்று ஏக்கர் புல்லும்

மனிதர்களில் தீரவிசாரி என்று ஓர் இனம் உண்டு. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். விசாரித்து முடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாகப் பூமிக்கு வந்து பல்கிப் பெருகியவர்கள்தான் இவர்கள்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். கையில் நோட்டு, சட்டைப்பையில் அளக்கிற டேப், முகத்தில் ‘என்னை எவனும் ஏமாற்ற முடியாது’ என்கிற சிரிப்பு. என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டால், சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்பார்கள். அது பொய்யில்லை. ஆயுள் முழுக்கச் சும்மா பார்க்கத்தான் போகிறார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று இவர்களிடம் சொல்லிப் பாருங்கள், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் காற்று என்று திருப்பிக் கேட்பார்கள்.

என் அக்கா இந்த இனத்தில் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அத்தான் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். உள்ளே வருகிற ஒவ்வொரு பொருளிலும் ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு, திருப்பி அனுப்ப எதுவும் கிடைக்காமல் மனிதர் வாடிப் போயிருந்தார். ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் புல்நிலம் வாங்கி, நான்கு மாடுகளோடு குடியேறினார்கள். மாடுகள் அக்காவின் ஆசை. நிலத்தை விற்றவர் தன்னுடைய பழைய மினி டிராக்டரையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போனார். அவர் மட்டும் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் அந்த வீட்டுக்கு டிராக்டர் என்று ஒன்று வந்தே இருக்காது.

மாடு வளர்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மழை ஓய்ந்ததும் புல் இடுப்பளவு நிற்கும். அது பூப்பதற்குள் வெட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, கட்டாகக் கட்டி அடுக்கிவிட்டால் வறண்ட மாதங்களுக்கு மாட்டுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. நாள் தள்ளினால் தண்டு முற்றிக் குச்சியாகிவிடும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு உங்களைப் பார்க்கும். இதற்கு வேண்டியது மூன்றே கருவிகள். வெட்ட ஒன்று, வார ஒன்று, கட்ட ஒன்று.

மூன்றுதான். ஆனால் அத்தான் கண்டுபிடித்தது என்னவென்றால், எந்த வெட்டும் கருவி என்று முடிவு செய்ய வாரும் கருவியின் அகலம் தெரிய வேண்டும், வாரும் கருவியை முடிவு செய்யக் கட்டும் கருவியின் வாய் எவ்வளவு என்று தெரிய வேண்டும், கட்டும் கருவியை முடிவு செய்யச் சின்ன டிராக்டர் எவ்வளவு இழுக்கும் என்று தெரிய வேண்டும், டிராக்டரோ ஏற்கெனவே வெட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, மீதி இழுவை எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும். இந்த வட்டத்துக்குள் அத்தான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

காலையில் காப்பியோடு வீடியோ ஆரம்பிக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ ஒருவன் தன் வயலில் புல் வெட்டுவான். இவர் இங்கே உட்கார்ந்து, கத்தியைக் கொஞ்சம் இறக்குடா என்று அவனுக்கு யோசனை சொல்வார். அவன் எந்தத் தேதியில் வெட்டினான், எத்தனை கட்டு கட்டினான், அவன் நாய்க்கு என்ன பெயர் எல்லாம் அத்தானுக்கு மனப்பாடம். சன்னலுக்கு வெளியே தன் புல் பூத்துவிட்டது மட்டும் தெரியாது. சாப்பாட்டு மேசையில் ஓர் அட்டவணை விரித்திருக்கும். தட்டு வைக்க இடமில்லாமல் அக்கா நின்றுகொண்டே சாப்பிடுவாள்.

போன வருஷம் இந்த அட்டவணை முடிவதற்குள் புல் முற்றிப்போயிற்று. கடைசியில் ஆள் வைத்து அறுத்ததை மாடுகள் தொடவில்லை. நான்கில் செவலைப் பசு எலும்பும் தோலுமாக ஆனதும், வைத்துத் தீனி போட முடியாது என்று விற்றார்கள். வண்டியில் ஏற்றும்போது அது அக்காவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கு அத்தான் மேல் வந்த கோபத்துக்கு அவருடைய நோட்டை அடுப்பில் போட்டிருப்பேன். அவர் அந்த நோட்டில்தான், செவலையை விற்ற தேதியை எழுதி, பக்கத்தில் ‘அவசர முடிவு’ என்று குறித்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் மிச்சம் மூன்று மாடுகள். அதில் ஒன்று சினை. மழை நின்ற அன்றே அக்கா சொல்லிவிட்டாள்.

“என்னங்க, புல்லு பூக்கறதுக்குள்ள எதையாவது ஒண்ணை டிராக்டர் பின்னாடி மாட்டி ஓட்டுங்க. இன்னொரு மாட்டை என்னால அனுப்ப முடியாது.”

அவசரப்படாதே என்றார் அத்தான். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. புரிந்துகொண்டாள் என்று அத்தானுக்கு ஏகப்பட்ட திருப்தி.

அடுத்த வாரம் வேறொரு ஊரில் விவசாய இயந்திரக் கண்காட்சி. மூன்று நாள். வண்டி ஓட்ட நான். முதல் இரண்டு நாளும் அத்தான் ஒவ்வொரு கருவிக்கும் அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு விற்பனையாளர் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி, சைகையில் பேச ஆரம்பித்தார். இன்னொருவர் டீ குடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை.

மூன்றாம் நாள் அந்த விபத்து நடந்தது. ஒரு மூலையில், சின்ன டிராக்டருக்கென்றே செய்த கருவிகளை ஒருவர் வரிசையாக நிறுத்தியிருந்தார். அத்தான் கேட்டார், அவர் சொன்னார், நான் நோட்டில் டிக் போட்டேன். எடை சரி. அகலம் சரி. இழுவை சரி. உதிரி பாகம் பக்கத்து ஊரிலேயே கிடைக்கும். மூன்றும் ஒன்றுக்கொன்று ஜோடி. நோட்டில் இருந்த நாற்பத்தோரு கட்டத்திலும் டிக் விழுந்துவிட்டது. நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்று விற்பனையாளர் பேனாவை நீட்டினார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அத்தானுக்கு வியர்த்துவிட்டது. என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

“எல்லாமே பொருந்துது மாப்ள. எங்கயோ தப்பு இருக்கு.”

சாதாரண மனிதன் குறை இருந்தால் வாங்கமாட்டான். தீரவிசாரி குறை இல்லாவிட்டாலும் வாங்கமாட்டான். முப்பது வருஷத்தில் குறையில்லாத பொருளை ஒரு நாளும் பார்த்திராத மனிதர், அதை நேருக்கு நேர் சந்தித்ததும் பேயைக் கண்ட மாதிரி ஓட்டம் பிடித்தார். வெறுங்கையோடு வண்டி ஏறினோம்.  பூத்த புல்லையும் அக்காவின் முகத்தையும் எப்படிப் பார்ப்பது என்பதுதான் வழியெல்லாம் என் கவலை.

வீட்டுக்குப் போனால் வயல் மொட்டையாக இருந்தது. புல்லைக் காணோம். வண்டியை விட்டு இறங்கியதும் காய்ந்த புல்லின் வாசனை. டிராக்டர் நிற்கிற கொட்டகையில், தரையிலிருந்து கூரை வரை புல்கட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு அடுக்கியிருந்தன. டிராக்டரைக் காணோம்.

அக்கா வாளியோடு வந்தாள். சாதாரணமாகச் சொன்னாள்.

“டிராக்டரைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் குடுத்துட்டேன். அவர்கிட்ட எல்லா மெஷினும் இருக்கு. பதிலுக்கு மூணு வருஷம் அவரே வெட்டி, காய வெச்சு, கட்டிக் குடுத்துடுவார்.”

ஒரு பூகம்பத்துக்கு நான் தயாராக நின்றேன். அத்தானோ அடுக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு புல்கட்டை அமுக்கிப் பார்த்தார். ஒரு புல்லை உருவி முகர்ந்தார், கடித்தார். டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்தார்.

“கட்டு நல்ல இறுக்கமாத்தான் இருக்கு. என்ன மெஷின்ல கட்டினாராம்?”

“கேக்கல,” என்றாள் அக்கா.

அத்தான் அவளைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை, பரிதாபம்தான் இருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“ஒரு வகையில நல்லதுதான் மாப்ள. இத்தனை நாள் இந்த டிராக்டர்தான் நம்ம கையைக் கட்டிப் போட்டிருந்தது. இனிமே கருவியை முதல்ல முடிவு பண்ணிட்டு, அதுக்கேத்த டிராக்டரைத் தேடலாம். மூணு வருஷம் டைம் வேற இருக்கு.”

உள்ளே போய்ப் புது நோட்டில் கோடு போட ஆரம்பித்தார். அக்கா ஒரு கட்டைப் பிரித்துச் சினை மாட்டுக்கு முன்னால் போட்டாள். அது முகர்ந்து பார்க்கக்கூட நிற்காமல் தின்ன ஆரம்பித்தது. அக்கா அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். செவலை போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நீங்கள் சிரிப்பதும் கேட்கிறது. சிரியுங்கள், நல்ல விஷயம். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டில் ஒழுகுகிற குழாய்க்கோ, கரகரவென்று சத்தம் போடுகிற மின்விசிறிக்கோ பதிலாக எது நல்லது என்று எத்தனை மாதமாக விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஆரம்பத்தில் வீட்டில் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். இப்போது கொஞ்ச நாளாகக் கேட்பதை நிறுத்திவிட்டார்களா? நம்மைப் புரிந்துகொண்டார்கள் என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? இதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், வீட்டில் உங்கள் பொருள் எது எது இன்னும் இருக்கிறது என்று ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள்.