கோதுமையோடு கப்பலேறி வந்த மஞ்சள் பூ

வெளிநாட்டிலிருந்து ராயபுரத்தில் வந்திறங்கிய செடிகளை நிற்க வைத்து விசாரித்த ஒரே மனிதர் எங்கள் லென்சு நைனா. தொண்ணூறுகளின் கடைசியில் துறைமுக கொடவுனில் மூட்டை எண்ணுவது அவர் உத்தியோகம்; அந்தக் கணக்கைச் சரிபார்ப்பது என்னுடையது. இறக்குமதிக் கோதுமை சிந்திய இடத்தில் எது முளைத்தாலும் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குந்திவிடுவார். "எந்தக் கப்பல்ல வந்த நீ?" என்று செடியையே கேட்பார். மூட்டை எண்ணிக்கை அம்போ.

அந்த மழைக்காலத்தில் எனக்குச் சிறுநீரகக் கல். கிரேன் ஓட்டும் ஆரோக்கியம் கொடவுன் பின்னால் ஈரத்தில் முளைத்திருந்த நெருஞ்சியைப் பிடுங்கி, பச்சையாக அரைத்து, கல்லைக் கரைக்கும் என்று மோரில் கலந்து நீட்டினார். வலியில் நான் சாக்கடைத் தண்ணீரைக் கூடக் குடித்திருப்பேன். டம்ளர் உதடு வரை போய்விட்டது. லென்சு நைனா தட்டிவிட்டார். மோர் முழுக்க என் சட்டையில்.

"இன்னா நைனா பேஜாரு பண்ற? மஞ்ச பூ, அஞ்சு இதழு, காயில முள்ளு. நெருஞ்சி இல்லாம உங்க வூட்டு மல்லியா?" ஆரோக்கியம் எகிறினார்.

நைனா மீதிச் செடியை மேசையில் பரப்பினார். "நெருஞ்சி இலை புளிய இலையாட்டம் ஜோடி ஜோடியா இர்க்கும். இது மூணா பொளந்துகினு கீது. பூவு எண்ண தடவுனா மாரி மின்னுது பாரு. காயி தட்டத் தட்டையா, மேல முள்ளு வச்சிகினு கொத்தா நிக்குது. இது பட்டர்கப்பு. கோதுமையோட வந்த வெளியூர்க்காரன். பச்சச் சாறு பட்டா வெந்துரும்."

"புஸ்தகம் சொல்லிச்சா?"

"கையே சொல்லும்." இலையைக் கசக்கித் தன் மணிக்கட்டில் வைத்துக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டார். "நாளிக்கு வந்து பாரு. ஒண்ணும் ஆவலன்னா நானே மோரு கலக்கித் தரேன்."

வலியோடு வீட்டுக்குப் போன நான், வழியெல்லாம் அவரை மனதாரத் திட்டினேன்.

மறுநாள் கைக்குட்டையை அவிழ்த்தார். ரூபாய்க் காசு அகலத்துக்குக் கொப்புளம். மனிதர் முகத்தில் மகன் பாஸான களை. "சொன்னேன்ல? பட்டர்கப்பேதான்!" ஆரோக்கியம் மருந்துக் கடைக்குப் போய்க் களிம்பு வாங்கி வந்தார்.

என் கல்லை ஆஸ்பத்திரியில் கரைத்தார்கள். அவர் மணிக்கட்டுத் தழும்பு கடைசிவரை கரையவில்லை. அவர் மூட்டைக் கணக்கை நீட்டும்போதெல்லாம் அது கண்ணில் படும். என் தொண்டையில் வந்திருக்க வேண்டிய புண். அந்தக் கணக்கை மட்டும் நான் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.