ஆணியில் மாட்டாத சாவி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்கினேன். பிறகு அடித்துவிட்டேன். உண்மையைத் தவிர எதையும் அச்சிடாத இதழுக்கு எழுதும்போது முதல் வரியிலேயே பொய் சொல்லக் கூடாது. நான் அவ்வளவு நலமில்லை. உங்கள் நலமறிய ஆவல் என்பது மட்டும் உண்மை.

அடுத்த இதழில் வரவிருக்கும் 'பேசாதவர்' கட்டுரையை எழுதியவள் நான். என் அப்பாவின் மௌனத்தைப் பற்றியது. ஒன்பது பக்கம். "புனைவு துளியும் கலக்காத, முதிர்ந்த எழுத்து" என்று பதில் போட்டிருந்தீர்கள். அந்தப் பதிலை அம்மா மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் தண்ணீர் கேன் கொண்டு வந்தவருக்கும் படித்துக் காட்டினாள். ஐந்து வருடமாக எழுதுகிறேன். யாரோ ஒருவர் ஏற்றுக்கொண்ட முதல் கட்டுரை இது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், அதை வெளியிட வேண்டாம் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அப்பா பேசுகிறார்.

கட்டுரையில் வரும் ஒவ்வொருவரையும் உங்கள் உதவி ஆசிரியர் போனில் கூப்பிட்டுச் சரிபார்ப்பார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போனை ஒளித்து வைத்திருப்பேன். அவர் கூப்பிட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன், அம்மா அடுப்பில் பால் வைத்திருந்தாள், அதனால் போனை எடுத்தது அப்பா. "வீட்டுல நீங்க பேசவே மாட்டீங்களாமே, ஏன் சார்?" என்று கேட்டாராம் உங்கள் ஆள். இந்தக் கேள்வியை இந்த வீட்டில் யாரும் அப்பாவிடம் கேட்டதில்லை. நானும்தான். நான் அதைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதினேன். கேட்கவில்லை. நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அப்பா பேசிக்கொண்டிருந்தார், பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது, அம்மா கையில் கரண்டியோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

என்ன வேலை பார்த்தீர்கள் என்றும் கேட்டிருக்கிறார். அது கட்டுரையில் இல்லை. மறைக்கவில்லை. விட்டுவிட்டேன். எழுத்துப் பயிற்சி வகுப்பில் இதற்குத் தேர்ந்தெடுத்தல் என்று பெயர். போன வருடம் ஓய்வு பெறும்வரை அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி, எந்த மேடை, எத்தனை மணி. நாள் முழுக்க ஒலிபெருக்கியில். என் கட்டுரையில் கடல் வருகிறது, கிணறு வருகிறது, பூட்டிய அறை இரண்டு இடத்தில் வருகிறது. ஒலிபெருக்கி வரவில்லை. வந்தால் வாசகர்கள் சிரித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். உங்கள் உதவி ஆசிரியர் சிரித்தார். போனைத் தாண்டி எனக்கே கேட்டது.

அப்பா கோபப்படவில்லை. "நான் வாயத் திறந்தா யாராவது மூட்டையத் தூக்கிட்டுக் கிளம்பிப் போயிடுவாங்க சார். அதுதான் வேலை. வீட்டுல எதுக்கு அதைச் செய்யணும்?" என்றார்.

என் ஒன்பது பக்கத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. ஈரத்தலையோடு நின்று பொறாமைப்பட்டேன்.

அன்றைக்குத் திறந்த வாய் இன்னும் மூடவில்லை. அக்காவுக்குப் போன் செய்தார். கல்யாணமாகிப் போனதிலிருந்து அவளுக்கு அவர் போன் செய்ததே இல்லை, அதனால் எடுத்தவுடனே அவள் "யாருக்கு என்னாச்சு?" என்றாள். "ஒண்ணும் ஆகலம்மா, சும்மாதான்" என்றார். "சும்மாவா? அம்மா எங்க? அம்மாகிட்ட குடுங்கப்பா" என்று அழுதுகொண்டே அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து நின்றாள், வந்தவளை உட்காரவைத்து, வண்டி தவறவிட்டவர்கள் எப்படியெல்லாம் ஓடுவார்கள் என்று அப்பா நடித்துக் காட்டினார், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, போகும்போது வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு "அப்பாவை என்னடி பண்ணின?" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பழைய குரல் வருகிறது: "பயணிகள் கவனத்திற்கு. குழம்பு இன்னும் சிறிது நேரத்தில் மேசையை விட்டுப் புறப்படும்." கல்யாணமான நாளிலிருந்து ஒரு ரேடியோ வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "இனிமே எதுக்கு? ஆளே பாடுது" என்கிறாள். சலிப்பாகச் சொல்வது போலத்தான் சொல்கிறாள். ஆனால் அவர் பேசும்போது குழாயை மூடிவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறாள்.

பிறகு கட்டுரையைக் கேட்டார். கொடுத்தேன். இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணிக்குவியலை நகர்த்திவிட்டு, நான் எழுதும் அதே மேசையில் உட்கார்ந்து படித்தார். நீங்கள் அடிக்கோடிட்டுப் பாராட்டிய இடம் நினைவிருக்கும். 'சாவியை ஆணியில் மாட்டுவார். அந்தச் சத்தம்தான் எங்களிடம் அவர் சொல்லும் ஒரே சொல்.' அங்கே விரலை வைத்தார்.

"இது எந்த வீடு?"

"நம்ம வீடுதான்பா."

"நான் பிரிட்ஜ் மேலதானே வைப்பேன்?"

"ஆமா."

"அப்போ பிரிட்ஜ்னே எழுதியிருக்கலாமே."

"பிரிட்ஜ் மேல வெச்சா சத்தம் வராதுப்பா."

"அதுவும் சரிதான்" என்றார்.

கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'அந்த மௌனத்துக்குள் எனக்கு ஒரு இடம் இருந்ததே இல்லை' என்ற வரி. மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது சொன்னவர், அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தாள்களைத் தட்டி அடுக்கிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

திருத்தி எழுத முடியுமா என்று பார்த்தேன். தலைப்பை 'பேசாதிருந்தவர்' என்று மாற்றினேன். கிணற்றை எடுத்தேன். கிணறு போனதும் கடல் தனியாக நின்றது, அதையும் எடுத்தேன். மிச்சம் நாலு பக்கம். அந்த நாலு பக்கத்தையும் எழுதவிடாமல் பத்திக்கு ஒரு தடவை வந்து "எதுவரைக்கும் வந்திருக்கு? எப்போ புறப்படும்?" என்று கேட்கிறார். ஒரு மௌனத்தைப் பற்றி எழுத வீட்டில் கொஞ்சமாவது மௌனம் வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே ஐயா, கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அச்சில் என் பெயரைப் பார்க்க எவ்வளவு ஆசை என்று எழுதினால் அது ஒன்பது பக்கத்துக்கு மேல் போகும். இருந்தாலும் வேண்டாம். அந்த இடத்தை வேறு யாராவது உண்மையானவருக்குக் கொடுங்கள்.

உங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உதவி ஆசிரியரைக் கேட்டதாக அப்பா சொல்லச் சொன்னார். பழக்கதோஷம், மூன்று முறை சொல்லச் சொன்னார்.

பணிவுடன்,
பேசுகிறவரின் மகள்

பின்குறிப்பு: உறை வாங்கக் கடைக்குப் போனேன். கடிதம் மேசையில் இருந்தது. திரும்பி வந்தபோது அது வேறு விதமாக மடிந்திருந்தது. அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேச்சில்லை. சாப்பாட்டுக்கு அறிவிப்பில்லை. மறுநாளும் இல்லை. இன்றும் இல்லை. அம்மாவைக் கேட்டேன். "நீ எழுதினது பொய்யாயிடக் கூடாதாம். புத்தகம் வர்றவரைக்கும் வாயத் திறக்க மாட்டாராம். இதைச் சொல்லிட்டுத்தான் மூடினார்" என்றாள். "எனக்குக் கட்டுரை வேண்டாம்பா, பேசுங்க" என்று போய் நின்றேன். தலையை ஆட்டினார். முடியாது என்கிற ஆட்டல். பிறகு கையால் வாசல் பக்கம் காட்டினார்.

சுவரில் ஒரு புது ஆணி. கீழே கொஞ்சம் காரை உதிர்ந்து கிடந்தது. ஆணியில் சாவி. அதைக் கழற்றி, நான் கேட்பதற்காக மறுபடி ஒருமுறை மாட்டினார். நான் எழுதிய அதே சத்தம்.

ஆகவே மேலே உள்ளதை எல்லாம் மறந்துவிட்டுக் கட்டுரையை வெளியிடுங்கள். இப்போது அது உண்மை, ஆணி உட்பட. கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அது பொய்.

இதழைக் கொஞ்சம் சீக்கிரம் கொண்டு வாருங்கள். அம்மா மறுபடி ரேடியோ கேட்கிறாள்.