செக்கண்டுக்கு ரெண்டு சுத்து

பயந்தவனை நம்பி எந்த வேலையையும் கொடுக்கலாம் என்பார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வான். என்னைக் கேட்டால், அவனிடம் உள்ள ஆபத்தே அதுதான்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு ஏழ்மைதான் காரணம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மை வேறு. வாத்தியார் நாளைக்குக் கேள்வி கேட்பாரே என்று எனக்கு இன்றைக்கே காய்ச்சல் வந்துவிடும். (காய்ச்சல் நிஜம். அம்மா தொட்டுப் பார்த்திருக்கிறாள்.) பிறகு பதுளைக் கடைத்தெருவில் ஒரு போட்டோக் கடையின் இருட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். இருட்டில் யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை.

அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை. பண்டாரவளை ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் ஆடி ஆடி வந்தது அந்தப் பெட்டி. ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை சீமையிலிருந்து வரவழைத்த கமரா, அதுவும் அசைகிற படம் பிடிக்கிற கமரா! (தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் பயம்தான்.) மூன்று கால்கள், மேலே மரப்பெட்டி, பக்கவாட்டில் பித்தளைக் கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே படச்சுருள் ஓடும்.

தொரைக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. மற்றவர்கள் கையில் குடை வைத்திருப்பதுபோல அவர் எப்போதும் பிரம்பு வைத்திருப்பார். குடையாவது மழைக்குத்தான் விரியும். அவர் பிரம்புக்குப் பருவம் கிடையாது. யாரோ இதைப் பற்றிச் சீமைக் கம்பனிக்கு மனுமேல் மனு போட, கம்பனி விளக்கம் கேட்டுவிட்டது. 'என் ஆட்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள், நீங்களே பாருங்கள்' என்று படம் எடுத்து அனுப்பத் தொரை முடிவு செய்தார். படத்தில் அவரும் வர வேண்டும். அப்படியானால் கைப்பிடியைச் சுற்ற வேறோர் ஆள் வேண்டுமே? என் முதலாளி என்னைப் பிடித்துத் தள்ளினார்.

"நல்லா வந்தா உனக்கு வேலை நிரந்தரம். கெட்டுச்சு, கடைப்பக்கம் தலைவச்சும் படுக்காதே."

தொரை தனக்குத் தெரிந்த தமிழில் பாடம் நடத்தினார். "செக்கண்டுக்கு ரெண்டு சுத்து. கொறஞ்சா படத்துலே ஆள் ஓடும். கூடினா ஆள் தூங்கும். என்ன நடந்தாலும் நிப்பாட்டாதே. தெரியும்?"

"தெரியுங்க தொரே."

தெரியவில்லை. பயந்தால் என் கை வேகமாக ஓடும், பயமோ எப்போதும் இருக்கும். முதலில் ஒரு சின்னத் துண்டு எடுத்துக் கழுவி, பங்களாச் சுவரில் காட்டிப் பார்த்தோம். பந்துக்குத் துள்ளிய தொரையின் நாய் கீழே இறங்க மனமில்லாமல் அந்தரத்திலேயே குடியிருந்தது. கழுவின துண்டில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும். அதனால் தொரை கன்னங்கரேலென்றும் சமையல்கார அப்பு வெள்ளைவெளேரென்றும் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அப்பு மட்டும் ஒரு தடவை மீசையைத் தடவிக்கொண்டார்.

இனி இருந்தது ஒரே ஒரு பெரிய சுருள். அதைக் கழுவ எங்கள் கடையில் வசதியில்லை. எடுத்தபடியே சீமைக்குப் போக வேண்டும். கைக்கு ஒரு தாளம் கிடைத்தால் பிழைப்பேன் என்று தோன்றியது. தினமும் விடியலில் தப்பு மேளம் அடித்து ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, எழுப்புகிற முத்தண்ணனிடம் போய் அழுதேன்.

பெரட்டு அடி வேகமாக இருந்தது. சாமி அடியோ போகப் போக ஏறியது, என் கைக்கும் சாமி வந்துவிட்டது. மூன்றாவதாக ஒன்று அடித்தார். செக்கண்டுக்கு ரெண்டு, பிசகவே இல்லை.

"இது என்ன அடிண்ணே?"

"எழவு அடி தம்பி. பொணத்தத் தூக்கிக்கிட்டு மேடு ஏறணும்ல? நெதானம் தப்பாது."

"இதுவே இருக்கட்டுண்ணே. நீங்க மட்டும் படத்துல விழுந்துறாதீங்க. தேயிலைக்குப் பின்னால குந்திக்கங்க."

"சரி, மெல்ல அடிக்கிறேன். காத்து லேசுல சத்தத்தக் கொண்டு போயிரும்."

மழை வருமோ, மூடுபனி வருமோ, கால்சட்டைக்குள் அட்டை ஏறுமோ என்று எல்லாவற்றுக்கும் பயந்தேன். பயப்பட வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

அன்று காலை மலையில் முப்பது பெண்கள் கூடையோடு நின்றார்கள். கங்காணி நிரைநிரையாகப் போய்க் கத்தினார். "சிரிங்கடி! சிரிக்காதவளுக்கு அரைநாள் சம்பளந்தான்!" எல்லாரும் பல்வலிக்காரர்கள்போலச் சிரித்தார்கள். நான் சுற்ற ஆரம்பித்தேன். கமரா போட்ட கடகட சத்தத்தில் தப்பு என் காதில் விழவே இல்லை.

"அண்ணே, கேக்கல! சத்தமா அடிங்க!" என்று கத்தினேன்.

முத்தண்ணன் விசுவாசி. அடித்தார். எதிர்மலை அதை வாங்கித் திருப்பி அடித்தது.

முதலில் சிரிப்புகள் அணைந்தன. "யாருடி?" என்றாள் ஒருத்தி. "லயத்துப் பக்கமா கேக்குது?" என்றாள் இன்னொருத்தி. லயத்து வீட்டில் காய்ச்சலில் படுத்திருந்த தகப்பனை விட்டுவிட்டு வந்திருந்த மீனாட்சி, "ஐயோ, எங்கப்பா!" என்று அலறினாள். சரியாக அந்த நேரம் பார்த்து, ஒத்திகையில் பழகிய புன்னகையும் கையில் பிரம்புமாகத் தொரை படத்துக்குள் நுழைந்தார். முப்பது பேரும் கூடைகளை எறிந்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு லயத்தைப் பார்த்து ஓடினார்கள். தொரை பிரம்பை ஓங்கிக்கொண்டு, "நில்லு! நில்லு!" என்று பின்னாலேயே ஓடினார்.

நான்? என்ன நடந்தாலும் நிப்பாட்டக் கூடாதே. செக்கண்டுக்கு ரெண்டு. என் வாழ்நாளில் கை நடுங்காமல் வேலை செய்தது அன்றைக்கு மட்டும்தான்.

லயத்தில் கிழவர் எழுந்து உட்கார்ந்து, "என்னாடி கூட்டம்? தேத்தண்ணி கொண்டாந்தீங்களா?" என்றாராம். மீனாட்சி வந்த வேகத்தில் திரும்பி மலையேறி வந்தாள்.

"மனுசனாய்யா நீ? உசுரோட இருக்கிறவருக்கு எழவு அடிக்கச் சொன்னியாமே?"

"அவருக்கு இல்லைங்க... கமராவுக்கு..."

"ஏன், கமராவா செத்துச்சு?"

சுருள் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாத தொரை, 'இவர்கள் என்னைக் கண்டு ஓடவில்லை, ஒரு மேளச் சத்தத்தைக் கேட்டு ஓடுகிறார்கள்' என்று ஒரு கடிதமும் வைத்து அனுப்பினார். சில மாதம் கழித்துக் கம்பனியிலிருந்து பதில் வந்தது. தோட்டத்துக் கந்தோர் (ஆபீஸ்) கிளாக்கர் எங்களுக்குப் படித்துச் சொன்னார். படம் மிகமிகத் தெளிவாக இருக்கிறதாம். தொரை சொல்கிற மேளத்தைத்தான் எவ்வளவு தேடியும் காணோமாம். அந்தப் படத்துக்குக் கண் உண்டு, காது கிடையாதே! மேளக்காரரைத் தேயிலைக்குப் பின்னால் ஒளித்து வைத்ததோ நான்.

தொரையைச் சீமைக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். அடுத்த தொரை குடையோடு வந்தார்.

"நாலு வருசமா மனு எழுதினது எடுபடல. நாலு நிமிசம் ஓடினது எடுபட்டுச்சு பாத்தியா!" என்றார் முத்தண்ணன்.

படம் நன்றாக வந்ததா கெட்டதா என்று முதலாளியால் தீர்மானிக்க முடியவில்லை. அதனால் வேலை பிழைத்தது. கமராவை மட்டும் அதன்பின் யாரும் என் கையில் கொடுக்கவில்லை.

மீனாட்சியின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க லயத்துக்குப் போனேன். ஒருமுறை போதாதோ என்று பயந்து பலமுறை போனேன். (அவளும் இதை நம்பவில்லை.) கல்யாணப் பேச்சில் கிழவர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "உசுரோட இருக்கையிலேயே எனக்கு எழவு கொட்டினவன். இவனவிட முன்யோசன உள்ள மாப்பிள்ள எங்க கெடைப்பான்?"

வெகுகாலம் கழித்து அவர் நிஜமாகவே போய்ச்சேர்ந்தார். நரைத்த முத்தண்ணன் அழுதுகொண்டே அதே அடியை அடித்தார். நேரம் போயிற்று, மலையிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. என்னவென்று பார்க்க நான் மலையேறினேன். ஒரு கூடைகூட இறங்கியிருக்கவில்லை. என்னைக் கண்டதும் நிரையில் முதலாவதாக நின்றவள் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"மீனாட்சி புருசன் படம் புடிக்க வந்துட்டாரு. சிரிங்கடி!"