ஒரு விரல் இடைவெளி

வீரய்யா மட்டும் இன்றைக்கு ஊரில் இருக்கக் கூடாது. பல்வலி வந்து படுத்திருக்கலாம். சே, பாவம், அவ்வளவு வேண்டாம். மகள் வீட்டுக்குப் போயிருக்கட்டும்.

சத்யா இப்படி வேண்டிக்கொண்டு நின்றது எந்தச் சன்னிதியிலும் அல்ல, ஒரு வேகத்தடைக்கு முன்னால். பட்டுப்புடவை, தலையில் இரண்டு முழம் மல்லிகை, இடுப்பில் கைக்குழந்தையைப்போல ஒரு குத்துவிளக்குப் பெட்டி. புதுக்கோட்டையில் கிளம்பி வல்லத்திராக்கோட்டை வருவதற்குள் அவள் காரைவிட்டு இறங்குவது இது ஐந்தாவது தடவை.

"வெளக்கை எடுத்துக்கிட்டியா? அதுவே நாலு கிலோ இருக்கும்" என்றார் அவள் கணவர் வசந்தகுமார், கார்க் கண்ணாடியை இறக்கி.

"எடுத்துக்கிட்டேன்."

"ஹேண்ட்பேக்கு?"

"அதுல ஒரு கர்ச்சீப்பும் ரெண்டு ஊக்கும்தாங்க இருக்கு."

"கர்ச்சீப்பும் வெயிட்டுதான். எடு."

கைப்பையையும் எடுத்துக்கொண்டாள். சிவப்புக் கார் முனகிக்கொண்டே தடையில் ஏறி, அடிவயிற்றை ஒருமுறை உரசி, அந்தப் பக்கம் இறங்கியது. முன்னால் திருஷ்டிக்குக் கட்டியிருந்த இரண்டு எலுமிச்சையும் மிளகாயும் ரோட்டில் இழுபட்டுப் பாதி ஊறுகாயாகியிருந்தன.

ஒரு எலுமிச்சைதான் வழக்கம். வசந்தகுமாரின் ராசி எண் நாற்பத்தொன்று பதின்மூன்று. கூட்டினால் ஒன்பது, ஜோசியர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அவருடைய கைபேசி எண்ணின் கடைசி நான்கும் அதுதான், கடைப் பூட்டின் எண்ணும் அதுதான், சமீபத்தில் விற்ற வெள்ளைக் காரின் எண்ணும் அதுதான். இந்தச் சிவப்புக் காரின் எண்ணைக் கூட்டினால் எட்டு வந்து தொலைத்தது. அதனால் எலுமிச்சை இரண்டு.

சத்யா நடந்து வந்து ஏறிக்கொண்டாள். ஏறினாள் என்று சொல்லக் கூடாது. பந்தியில் உட்காருவதுபோல முதலில் கையை ஊன்றி, பிறகு காலை மடக்கி, கடைசியில் மானத்தை விட்டு உட்கார வேண்டிய கார் அது.

இரண்டே பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். சென்னையில் யாரோ ஓட்டிச் சலித்ததை மூன்று வாரத்துக்கு முன்னால் வாங்கி வந்திருந்தார். இன்றைக்கு ஆவுடையார்கோவிலில் அவருடைய அக்கா மகன் கவியரசனுக்குக் கல்யாணம். பத்தரைக்கு முகூர்த்தம். அதற்கு முன் ஒன்பதரைக்குக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம். தாய்மாமன் காரில்தான் மாப்பிள்ளை வருவார் என்று உறவு முழுவதுக்கும் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது.

ஊர்வலம் போகிற கார் தரையோடு தரையாகப் பதுங்கிப் போக வேண்டும் என்பது வசந்தகுமாரின் கொள்கை. டயருக்கும் அதன் மேலிருக்கும் வளைவுக்கும் நடுவே நான்கு விரல் நுழைந்தால் அது ஜீப். ஒரு விரல் நுழைந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கார். உயரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கம்பெனிக்காரர்களே ஒரு போல்ட் வைத்திருந்தார்கள். நேற்று மதியம் கைபேசியில் ஒரு வெள்ளைக்காரரின் வீடியோவை ஓடவிட்டு, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்பானரால் நான்கையும் திருகினார். இறக்கி நிறுத்தி விரல் விட்டுப் பார்த்தார். மூன்று நுழைந்தது. மறுபடி தூக்கித் திருகினார். அப்போதும் மூன்று. கோபம் வந்து, திருகமுடிகிற மட்டும் திருகினார்.

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சத்யாவின் காதிலும் அந்த வீடியோ விழுந்தது. கொஞ்சமாகத் திருகுங்கள், முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள், ஓட ஓடத்தான் கார் தணிந்து உட்காரும், அதன் பிறகு அளந்து பாருங்கள் என்று கடைசியில் அந்த மனிதர் பொறுமையாகச் சொன்னார். வசந்தகுமார் அப்போது காருக்கடியில் ஸ்பானரோடு சண்டையில் இருந்தார்.

"ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் திருகலாமேங்க" என்று வாசலுக்கு வந்து சொல்லிப் பார்த்தாள்.

"நீ எட்டாங்கிளாசுக்கு சயின்ஸ் எடு. இது மெஷினு."

பதினேழு வருடமாக அவள் சொல்லி அவர் கேட்டது ஒன்றும் இல்லை. பெல்ட் போடாவிட்டால் கார் ஒரு கீச்சுச் சத்தம் போடுமே, அவளுடைய 'மெதுவா போங்க'வும் அவருக்கு அந்த மாதிரி ஒன்று. அந்தச் சத்தத்தோடு ஓட்டப் பழகிவிட்டார். கோபித்துக்கொள்ளவும் மாட்டார், காதில் வாங்கவும் மாட்டார். இந்த ஆளிடம் வாயால் சொல்லிப் பயனில்லை, எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. எழுதினாள். ஆனால் அவரிடம் கொடுக்கவில்லை.

ஓட ஓடக் கார் உட்கார்ந்துகொண்டே வந்தது. மூன்று விரல் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, இப்போது ஒரு போஸ்ட் கார்டு நுழைந்தால் பெரிது.

"நீ ஏறுனாப் பொசுக்குனு எறங்குது பாரு. கல்யாணத்தப்ப ஒல்லியாத்தான இருந்த?"

"கல்யாணத்தப்ப நீங்க டிவிஎஸ் ஃபிப்டி வச்சிருந்தீங்க."

ஆறாவது தடையில் காரைக் குறுக்காகத் திருப்பி ஏற்றிப் பார்த்தார். ஏறியது. ஆனால் ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நகர்ந்து நகர்ந்து ஏறியது. பின்னால் வந்த அறந்தாங்கி பஸ் ஹாரனை அழுத்தியது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டார்: "சார், வண்டி ஓட்டுறீங்களா, கோலம் போடுறீங்களா?"

போன் அடித்தது. அக்கா வீட்டுக்காரர் ஆத்மநாதன்.

"மாப்ளே, எங்கிட்டுய்யா வார?"

"பக்கத்துல வந்துட்டேன் மச்சான்!"

"மாலையைப் போட்டுக்கிட்டு வெயில்ல நிக்கிறான்யா பய."

"அஞ்சே நிமிசம்."

அறந்தாங்கியே இன்னும் வரவில்லை. அடுத்து வந்தது சத்யாவின் பள்ளிக்கூடம்.

அறந்தாங்கியில் வசந்தகுமாருக்கு டைல்ஸ் கடை. போகிற வழியில் ஆறு வருடமாக அவர்தான் அவளைப் பள்ளியில் இறக்கிவிடுகிறார். போன மாதம் பள்ளி வாசலில் புதிதாக ஒரு வேகத்தடை முளைத்தது. தார் போட வந்தவர்கள் மிச்சம் மீதியையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டுப் போனதுபோல அப்படியொரு உயரம். அதைத் தாண்டும் ஒவ்வொரு காலையும், "எந்தக் கூமுட்டை மனு குடுத்து வாங்குனான் இதை?" என்று கேட்பார். சத்யா ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்ப்பாள். மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. இரண்டாவது, பள்ளிக் காவலாளி வீரய்யாவுடையது.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்பு பிளெஸ்ஸியின் தண்ணீர் பாட்டில். ரோட்டைக் கடக்கும்போது கைநழுவி உருண்டது. அவள் எடுக்கக் குனிந்த நேரம் ஒரு கார் அதன்மேல் ஏறிப் போயே போய்விட்டது. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. பாட்டில் மட்டும் தோசையாகிவிட்டது. அந்த நீலத் தோசையை சத்யா தன் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறாள். சாக்பீஸ் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. படட்டும் என்றுதான் வைத்திருக்கிறாள்.

"எறங்கு" என்றார் வசந்தகுமார்.

இறங்கினாள். கார் ஏறியது. முன்சக்கரங்கள் தாண்டின. அதற்குமேல் அதற்கு மனமில்லை. எருமை குளத்தில் படுப்பதுபோல, தடைமேல் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது.

முதல் ஆளாக வந்தது வீரய்யாதான். வாயில் வேப்பங்குச்சி. பற்கள் அத்தனையும் நன்றாக இருந்தன.

"என்ன டீச்சர், ஞாயித்துக்கெழம பட்டுச்சேலையில?"

"கல்யாணத்துக்குப் போறோம்ணே."

"நடந்தேவா?"

வசந்தகுமார் ஜாக்கியை எடுத்தார். நுழையவில்லை. போல்ட்டைத் திருகிக் காரை உயர்த்தலாம் என்றால் முதலில் காரைத் தூக்க வேண்டும். தூக்க ஜாக்கி நுழைய வேண்டும். ஜாக்கி நுழைய கார் உயர வேண்டும். டிராக்டரில் வந்து நின்ற அழகுமலை குனிந்து பார்த்துவிட்டு, "இதைவிடச் சின்ன ஜாக்கி ஒண்ணு இருந்தா அதை வச்சு இந்த ஜாக்கியைத் தூக்கலாம் சார்" என்றார்.

பின்சக்கரத்துக்குக் கல் வைத்து முடுக்கினார்கள். கல் பறந்துபோய் இரும்புக் கேட்டில் மோதி மணியடித்தது. சத்துணவுக்கூடத்துச் செவந்தி அந்தச் சத்தத்தில்தான் எதிரே தன் வீட்டு வாசலில் பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அடுத்து டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தார்கள். முன்பக்கம் கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்த விளிம்பு முழுசாகக் கயிற்றோடு வந்தது. அழகுமலை அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து பணிவாகக் கேட்டார்: "சார், இது கழட்டி மாட்டுற அயிட்டமா?"

மறுபடி போன்.

"மாப்ளே, நீ ஊர்வலத்துக்கு வரவேணாம். பயலை ஷேர் ஆட்டோல ஏத்திட்டோம். தாலி கட்டுறதுக்காச்சும் வந்து சேருய்யா. ஒன் அக்கா அழுவுறா."

வசந்தகுமாரின் முகத்தைப் பார்க்க சத்யாவுக்குப் பாவமாக இருந்தது. சட்டையில் கிரீஸ், மீசையில் புழுதி, வேட்டியின் சரிகைக் கரையில் நசுங்கிய மிளகாய். இந்த மனிதரை அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. அதுதான் கஷ்டம். பிடிக்காத ஆளாக இருந்தால் முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பாள்.

"கடப்பாரை இருக்கா?" என்றார் அவர் திடீரென்று.

"டிராக்டர்ல கெடக்கு. எதுக்கு சார்?"

"இந்தத் தடையில நடுவுல ஒரு சாண் வெட்டி எடுத்துட்டா வண்டி எறங்கிரும். ஒரு சாண்தான்."

எல்லோரும் சத்யாவைப் பார்த்தார்கள்.

"டீச்சர் சொன்னா வெட்டிரலாம்" என்றார் வீரய்யா.

"அவ என் வீட்டுக்காரிதான்யா! சொல்லு சத்யா. மணி பத்தாகுது."

ஒரு சாண். அவளுக்கு அளவு தெரியும். முதலில் பைக்குகள் அந்தச் சாணைக் கண்டுபிடிக்கும். ஒரு மழையில் அது இரண்டு சாணாகும். பாட்டில் உருண்டு வருவதற்கும் சரியாக அந்த இடம் போதும். குத்துவிளக்கு இடுப்பில் கனத்தது.

"வேணாங்க. நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி வைப்போம். நேரமாகும், அவ்வளவுதான்."

"தாய்மாமன் இல்லாம தாலி கட்டுறதா?" அவர் குரல் உடைந்தது. அந்த உடைசலை மறைக்கச் சத்தம் போட்டார். "எல்லாம் எந்தக் கூமுட்டையோ பொழுதுபோகாம மனு குடுத்ததால வந்தது!"

"அவங்களைத் திட்டாதீங்க சார்" என்றார் வீரய்யா, குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு. "தெனமும் காலையில ஒரு காரு இங்கிட்டுப் பறந்து வந்துச்சு. ஒரு பச்சப்புள்ள தப்பிச்சதே பெரிய விசயம்."

"அப்ப அந்தக் கார்க்காரனைப் பிடிச்சு இந்த வேப்பமரத்துல கட்டியிருக்கணும்! ஒழுங்கா ஓட்டுற எங்களுக்கு எதுக்குய்யா தடை?"

செவந்தி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அழகுமலை தன் கையிலிருந்த கயிற்றை இதுவரை கயிறே பார்க்காதவர் மாதிரிப் பார்த்தார்.

"என்ன சிரிப்பு? நான் கேக்குறது தப்பா? ஒருத்தனுக்கும் அந்த வண்டி நம்பரை நோட் பண்ணத் தோணலையா? படிச்ச டீச்சர் ஒருத்தி இங்கதான இருக்கா!"

"நோட் பண்ணாமலா சார்?" என்றார் வீரய்யா. "டீச்சர்தான் மனுவுலயே எழுதிக் குடுத்தாங்க. நாப்பத்தொண்ணு பதிமூணு."

அழகுமலை போய் டிராக்டரின் இஞ்சினை அணைத்தார்.

வசந்தகுமார் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, யாரும் சொல்லாமலேயே மெதுவாக, அவள் பக்கத்தில் வந்து நின்றார். குரலை அடக்கிக்கொண்டு கேட்டார்:

"சத்யா. நம்பரைத் தப்பா எழுதிட்டேன்னு சொல்லிரு. இவங்க முன்னாடி. அது போதும்."

சத்யா குத்துவிளக்குப் பெட்டியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இல்லங்க. ரெண்டு தடவை சரிபாத்துத்தான் எழுதினேன்."