செல்வாவின் கண்ணும் கலும்பாங் அண்டாவும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பல் விளக்கும்போதே உமாபதி முடிவு செய்துவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் மச்சான் கணேஸ்வரன் வாயிலிருந்து ‘மன்னிச்சிருங்க’ என்ற வார்த்தையை வரவழைத்தே தீருவது. வானம் இடிந்து விழுந்தாலும் சரி, அதில் மாற்றமில்லை.

காரணம் சின்னதல்ல. மகன் செல்வா வயர்மேன் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தான். மற்ற எல்லாவற்றிலும் தேறியவன் கண் பரிசோதனையில் கவிழ்ந்தான். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை, நிறக்குருடு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரமாகப் பையன் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த நேரம் பார்த்துக் கலும்பாங்கிலிருந்து மச்சான் போன் போட்டார். “எங்க வம்சத்துல இந்த மாதிரி ஒண்ணும் கெடையாது மாப்பிள்ளை. உங்க பக்கம் விசாரிச்சுப் பாருங்க” என்றார்.

உமாபதி பக்கமா! ஈஜோக்கில் செம்பனைத் தோட்டத்தில் இருபத்து மூன்று வருஷமாகக் குலை வெட்டும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் அவர். புதிதாக வரும் வெட்டு ஆட்கள் குலையின் நிறத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நிற்பார்கள். உமாபதி தரையைப் பார்ப்பார். மரத்தடியில் உதிரிப் பழம் பத்துக் கிடந்தால் குலை பழுத்தது, வெட்டு. “கலர் பாத்து வெட்டுறவன் கத்துக்குட்டி” என்பது அவர் கொள்கை. ஒரு காய்க்குலையைக்கூட அவர் தப்பித் தவறி வெட்டவிட்டதில்லை. அப்பேர்ப்பட்ட கண்ணையா குறை சொல்வது?

மகள் விஷாலினி படிவம் ஐந்தில் உயிரியல் படிக்கிறாள். அவளைப் புத்தகத்தோடு பிடித்து உட்கார வைத்தார்.

“சுருக்கமா சொல்லு. இந்த நிறக்குருடு யாருகிட்டேருந்து வருது?”

“அது எக்ஸ் குரோமோசோம்ல இருக்குப்பா. அம்மாவுக்கு ரெண்டு எக்ஸ். உங்களுக்கு ஒரு எக்ஸ், ஒரு வை. நீங்க எக்ஸ் குடுத்தா பொண்ணு. வை குடுத்தா பையன்.”

“அப்ப ஆணா பொண்ணான்னு முடிவு பண்றது நானா?” உமாபதியின் மார்பு ஓர் அங்குலம் விரிந்தது.

“நீங்க எங்கப்பா முடிவு பண்றீங்க? அது பாட்டுக்கு எதாவது ஒண்ணு போய்ச் சேருது.”

“சரி, செல்வா கதைக்கு வா.”

“அண்ணனுக்கு நீங்க குடுத்தது வை மட்டும்தான். அவனோட எக்ஸ் அம்மா குடுத்தது.”

“அப்ப கோளாறு அம்மா பக்கம்!”

“அண்ணனோடது அம்மா வழிதான். அம்மாகிட்ட ரெண்டு இருக்கறதால, ஒண்ணு சரியா இருந்தா அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா பொண்ணுங்களுக்கு வந்துச்சுன்னா…”

“பொண்ணுங்க கதை இப்ப எதுக்குலா? போதும், போ.”

சமையலறையில் மனைவி உஷாராணி நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். உமாபதி வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார்.

“உஷா, அறிவியல் பேசிடுச்சு. செல்வாவுக்கு வந்தது உன் பக்கம்.”

“அப்படியா?” நெத்திலியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

“உங்க அண்ணன் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

“நிரூபிச்சா கேப்பாரு. அது என் பொறுப்பு. உங்க பக்கமும் இருந்துச்சுன்னா?”

“என் பக்கமா! ஒரு துளி இருக்கட்டும். இந்த வருஷம் உங்க ஊரு கோயில் திருவிழாவுக்கு மூணு நாளும் கலும்பாங் வரேன். உங்க அண்ணன் சொல்ற வேலையெல்லாம் செய்யறேன். அன்னதான அண்டாகூடக் கழுவறேன்!”

இது லேசுப்பட்ட வாக்கு இல்லை. அந்தத் திருவிழாவுக்கு ஏழு வருஷமாக டிமிக்கி கொடுத்து வருபவர் அவர். ஒரு வருஷம் காய்ச்சல், ஒரு வருஷம் இடுப்பு, ஒரு வருஷம் தோட்டத்தில் காட்டுப்பன்றி.

“சத்தியமா?”

“அம்மன் மேல சத்தியம்.”

உஷாராணி சண்டை போடவே இல்லை. அது உமாபதிக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் ஜெயிக்கப் போகிறவன் அதையெல்லாம் கவனிப்பானா?

மாலை நாலு மணிக்கு வீடியோ கால். கூடத்தில் குடும்பமே கூடிவிட்டது. உமாபதி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எக்ஸையும் வையையும் விளக்கினார். கணேஸ்வரன் மீசையைத் தடவியபடி கேட்டுவிட்டுச் சொன்னார்.

“நீங்க சொல்றது சரிதான் மாப்பிள்ளை. எங்க தாய்மாமன் ஒருத்தரு மிளகாய்ப் பழத்தையும் காயையும் ஒண்ணாப் பறிச்சுப் போட்டு எங்க அம்மாகிட்டத் திட்டு வாங்குவாரு. மறந்தே போச்சு. மன்னிச்சிருங்க.”

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. காலையிலிருந்து ஏங்கிய வார்த்தை இத்தனை மலிவாகக் கிடைத்ததில் உமாபதிக்குச் சற்று ஏமாற்றம்கூட.

“வெச்சிறாதீங்கண்ணே” என்றாள் உஷாராணி. “இன்னும் பாதி இருக்கு. விஷாலினி, அந்தப் படத்தை எடு.”

விஷாலினி தன் போனில் ஒரு வட்டத்தைக் காட்டினாள். உள்ளே கலர் கலராகப் புள்ளிகள்.

“இதுல என்ன நம்பர் தெரியுது உனக்கு?” என்று மகளிடமே கேட்டாள் உஷாராணி.

“எனக்கு வெறும் புள்ளிதான்மா. போன மாசம் ஸ்கூல்ல காட்டினப்பவும் அப்படித்தான்.”

உமாபதி திடுக்கிட்டார். உடனே சமாளித்தார். “பாத்தியா, அவளுக்கும் நீ குடுத்ததுதான்!”

“காலையில நிறுத்தின எடத்துலேருந்து அப்பாவுக்குச் சொல்லி முடிம்மா” என்றாள் உஷாராணி.

“பொண்ணுக்கு ரெண்டு எக்ஸுமே கெட்டிருந்தாத்தான் வரும்பா. ஒண்ணு அம்மா குடுத்தது. இன்னொண்ணு…” விஷாலினி அப்பாவைப் பாவமாகப் பார்த்தாள்.

“அதெல்லாம் புஸ்தகத்துல எழுதுவான். என் கண்ணுக்கு என்ன கேடு? இங்க குடு.”

போனை வாங்கினார். தூரமாகப் பிடித்தார். கிட்டே பிடித்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இதுல நம்பரே போடலைலா. ஏமாத்து வேலை.”

“ஆறு, மாப்பிள்ளை” என்றது கலும்பாங். “எனக்கு இங்கேருந்தே தெரியுது.”

செல்வா வாய்விட்டுச் சிரித்தான். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. “அப்பா, எனக்கும் நம்பர் தெரியல. நீங்க மண்டோராயிட்டீங்க. நானும் எதையாவது செஞ்சு பொழைச்சுக்குவேன்.” அந்தச் சிரிப்பைக் கேட்டதும் உமாபதிக்கு மானம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. கண்கூடக் கலங்கிவிட்டது. ஆனாலும் மனைவியை விடவில்லை.

“உனக்கு இது எப்பத் தெரியும்?”

“கல்யாணப் புடவை எடுத்தப்பவே. பச்சைப் புடவையக் காட்டி, இந்தச் செவப்பு உனக்கு எடுப்பா இருக்கும்னீங்க. அன்னியிலேருந்து உங்க சட்டையெல்லாம் யாரு எடுத்து வெக்கிறா?”

“இன்னிக்குக் காலையிலயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா சத்தியம் பண்ணியிருப்பீங்களா?”

“அப்பறம் என்ன மாப்பிள்ளை, மூணு நாளும் சமையல் கொட்டகையிலதான் உங்களுக்கு வேலை” என்றார் கணேஸ்வரன் உற்சாகமாக.

உஷாராணி போனை வாங்கிக்கொண்டாள். “அண்ணே, அண்டா கழுவ விடுங்க, வெறகு தூக்க விடுங்க. தக்காளி பொறுக்கற வேலை மட்டும் இவருகிட்டக் குடுத்துறாதீங்க.”