ழகரம் வராத புரட்சி

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் முப்பத்தொரு வருடம் நாளிதழில் பிழை திருத்தும் புரூப் ரீடராக இருந்தவனுக்கு, உண்மைக்கு மாறான செய்தியை முதல் வரியிலேயே விட்டுவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. ஆகவே தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் ஓர் இடம் காலியாகிறது, இருபதாம் தேதிக்குள் மருமகளை அனுப்பினால் சேர்த்துவிடலாம் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். நான் உடனே பதில் போடாதது என் தப்புதான். அதற்குக் காரணம் ஒரே ஓர் எழுத்து. பொறுமையாகப் படிக்கவும்.

நாலு மாதம் முன்பு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் மருமகள், "அப்பா, நான் பங்க் பேண்ட்ல சேர்ந்துட்டேன்" என்றாள். யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள், நீங்களே சொல்லுங்கள். பெட்ரோல் பங்க்கில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே பேண்ட் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். உழைப்பில் என்ன இழிவு, போய் வாம்மா என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அக்கம்பக்கத்திலும் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் ரெண்டு நாள் ஸ்கூட்டரில் பங்க் பங்க்காக அலைந்துவிட்டு வந்து, "உங்க பொண்ணை எங்கயும் காணோமே சார், தெரிஞ்சவங்க கையால போட்டா அளவு குறையாதுன்னு பார்த்தேன்" என்று நிற்கிறார். அப்புறம்தான் உங்கள் தங்கை, அதாவது இதெல்லாம் முதலிலிருந்தே தெரிந்திருந்தும் வாயைத் திறக்காத உங்கள் தங்கை, பங்க் என்பது ஒரு வகைச் சங்கீதம், பேண்ட் என்பது அதை வாசிக்கிற குழு என்று விளக்கினாள். சங்கீதம் என்பது அவர்கள் கட்சி. அந்தச் சொல்லுக்கு நான் பொறுப்பில்லை.

குழுவின் பெயர் 'கிழிசல்'. மொத்தம் மூன்று பேர். உங்கள் மருமகள் பாடுகிறாள். கித்தார் வாசிப்பவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். டிரம் அடிப்பது பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் ஒரு பெண். நாள் முழுக்க அந்த டிரில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பழிவாங்குகிறாள் என்று நினைக்கிறேன். நம் வீட்டில் கார் இல்லாத கார் ஷெட் ஒன்று இருக்கிறதே, அங்கேதான் ஒத்திகை. சட்டையை நன்றாக இருக்கும்போதே கிழித்து, கிழித்த இடத்தை ஊக்கு போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் இப்போது ஓர் ஊக்குகூடக் கிடையாது. என் பைஜாமா நாடா அறுந்து, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நான் ஷெட்டுக்குப் போய் ஓர் ஊக்கு கேட்டபோது, டிரம் அடிக்கிற பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அங்கிள், இப்பதான் நீங்க சரியா டிரஸ் பண்ணியிருக்கீங்க" என்றாள்.

கொள்கை என்று பார்த்தால், தலைவர் கிடையாது. எல்லாம் ஒருமனதாகத்தான் முடிவு செய்ய வேண்டும். ஃபேனை மூன்றில் வைப்பதா நாலில் வைப்பதா என்று ஒரு சாயங்காலம் பூராவும் கூட்டம் நடந்து, கடைசியில் கரண்ட் போனதால் ஒருமனதாக முடிந்தது. அந்த லிஃப்ட் மெக்கானிக் இருக்கிறானே, ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் ரிப்பேர் செய்வான், ஆனால் கொள்கைப்படி தான் மட்டும் படியேறித்தான் போவான். ஏம்ப்பா என்று கேட்டேன். "உலகத்துல மேல, கீழங்கறதே இருக்கக் கூடாது அங்கிள்" என்கிறான். அப்புறம் எதற்கப்பா உனக்கு லிஃப்ட் வேலை என்றால், "உள்ளே இருந்துக்கிட்டே எதிர்க்கணும் அங்கிள்" என்கிறான். சொல்லும்போது முகத்தில் ஒரு துளி சிரிப்பு கிடையாது. எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது, அது வேறு விஷயம்.

இப்போது அந்த எழுத்துக்கு வருகிறேன். நம் தெருமுனையில் பிள்ளைகள் விளையாடுகிற மைதானம் இருக்கிறதல்லவா, அதைத் தோண்டி அடுக்குமாடிக் கார் நிறுத்தம் கட்டப்போவதாக நகர்மன்ற உறுப்பினர் அறிவித்தார். தெருவே கொதித்தது. கிழிசல் குழுவினர் கொதித்து ஒரு பாட்டே கட்டிவிட்டார்கள். மொத்தம் மூன்றே வரி. "உன் பேரு ஒழிக! உன் பேச்சு ஒழிக! உன் மைக்கு ஒழிக!" இதையே திருப்பித் திருப்பி ஒன்றரை நிமிஷம். ஒற்றுப்பிழைகூட இல்லை. எழுத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமே கிடையாது. ஆனால் மச்சான், உங்களுக்குத்தான் தெரியுமே, உங்கள் மருமகளுக்குப் பேச ஆரம்பித்த நாளிலிருந்து ழகரம் வராது. மழை மலையாகும், பழம் பலமாகும். நானும் அவள் மூன்றாவது படிக்கும்போதிலிருந்து திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன். சோறு உள்ளே போகும்போதுகூட விட்டதில்லை. இப்போது அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நரம்பு புடைக்க, தெருவே கேட்கும்படி பாடுவது என்னவென்றால், "உன் பேரு ஒலிக! உன் பேச்சு ஒலிக! உன் மைக்கு ஒலிக!"

மைதானத்தை அளக்க உறுப்பினர் ஆட்களோடு வந்த அன்று இவர்கள் வாசலில் நின்று பாடினார்கள். அவர் காரை விட்டு இறங்கினார், கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், காரில் ஏறிப் போய்விட்டார். இவர்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்து ஒரே ஆட்டம். "அழுதுட்டாருப்பா! நேருக்கு நேரா நின்னு அழுதுட்டாரு!" என்று உங்கள் தங்கையைத் தூக்கிச் சுற்றாத குறை. மறுநாள் காலையில் ஒலிபெருக்கி கட்டின வண்டி ஒன்று தெருவில் வருகிறது. உள்ளே என் மகள் குரல். வெளியே அவர் படம். அவருடைய செயலாளர் போனில் பதிவு பண்ணியிருக்கிறார். பின்னாலேயே அந்தச் செயலாளர் நம் வீட்டுக்கு வந்து, "இருபது வருஷப் பொதுவாழ்க்கையில இப்படி மனசார யாரும் தனக்குப் பாடினதில்லேன்னு ஐயா ராத்திரி பூரா தூங்கல. தேர்தல் பாட்டே இதுதான்னு சொல்லிட்டாரு" என்கிறார். லிஃப்ட் மெக்கானிக் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரே வாரத்தில் குழு பிரபலம். இவர்களைப் போலவே கத்துகிற மற்றக் குழுக்கள் இவர்களோடு பேச்சை நிறுத்திவிட்டன. ஒரு நாள் காலையில் ஷெட் சுவரில் சிவப்புப் பெயிண்டில் யாரோ 'விளை போனவர்கள்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இங்கேதான் மச்சான் நான் ஒரு காரியம் செய்தேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை. என் கை செய்தது. அந்த ளகரத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உள்ளே போய் மிச்சம் இருந்த பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து, 'விலை' என்று அழகாகத் திருத்தினேன். திரும்பினால் பின்னால் மகள் நிற்கிறாள். "அப்பா, எங்களைத் திட்டினதைத் திருத்தியா குடுக்கிறீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. வீட்டுக்குள் எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்கிப் போகிறாள். 

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உறுப்பினரின் பெரிய கூட்டம், அதே மைதானத்தில். கிழிசல் வந்து நேரில் பாட வேண்டும் என்று அழைப்பு. ஆறு மணி நேரம் கூட்டம் போட்டு, போவது, மேடையில் ஏறி அவர் முகத்துக்கு நேராகவே 'ஒழிக' என்று பாடிவிட்டு வருவது என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். ழகரத்துக்கு என்ன வழி என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவள் மனசு கஷ்டப்படும் என்று மற்ற இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான். நானும் உங்கள் தங்கையும் நாலாவது வரிசையில் போய் உட்கார்ந்தோம். பாட்டு தொடங்கியது. அவள் உயிரைக் கொடுத்துப் பாடுகிறாள், வருவதெல்லாம் 'ஒலிக'. உறுப்பினர் தாளம் போடுகிறார், கூட்டம் கை தட்டுகிறது, அவள் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. எப்போது எழுந்தேன், எப்போது நாற்காலி மேல் ஏறினேன் என்று தெரியாது. "ழ! ழகரம் போடு! ஒ-ழி-க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பங்க் பாட்டு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் வாயைத் திறந்த அந்த நொடியில் கித்தார், டிரம் எல்லாம் நின்றுபோய், அந்த மைதானம் முழுக்க என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தால் போயிருக்கும். ஆனால் உறுப்பினர் தமிழ்ப்பற்று உள்ளவர். மைக்கைப் பிடித்து, "பெரியவர் சொல்றது ரொம்பச் சரி. உச்சரிப்பு சுத்தமா இருக்கணும். எல்லாரும் என்கூடச் சொல்லுங்க" என்று சொல்லி, நாக்கை நன்றாக மடித்து, "என் பேரு ஒழிக! என் பேச்சு ஒழிக! என் மைக்கு ஒழிக!" என்று மூன்று வரியும் முழுதாகச் சொல்லி முடித்தார். தெருக்காரர்கள் விடுவார்களா? எதிர்வீட்டுக்காரர் முதற்கொண்டு எழுந்து நின்று பதில் கோஷம் போட்டார்கள். மூன்றாவது சுற்றில்தான் செயலாளர் ஓடிவந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் முகம் மாறியதை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

உறுப்பினர் புகார் கொடுக்க, போலீஸ் ஸ்டேஷனில் எங்கள் நாலு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். "யாருப்பா உங்க தலைவர்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "எங்களுக்குத் தலைவர் கிடையாது சார்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். "யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டாத்தான் வீட்டுக்கு அனுப்ப முடியும்" என்றார். கொள்கையும் கெடக் கூடாது, பிள்ளைகளும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நானே போடுகிறேன் என்று வாங்கினேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. 'பொது இடத்தில் கழகம் விளைவித்தல்' என்று எழுதியிருந்தது. பேனாவை எடுத்து 'கலகம்' என்று திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பமும் போட்டுக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பி வாங்கிப் படித்தார். "ஐயா, அப்படியே விட்டிருந்தா இந்தக் கேஸே நின்னிருக்காது" என்றார். லிஃப்ட் மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டான். டிரம் அடிக்கிற பெண் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து விழுந்தாள். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இதுதான் நிலவரம். மைதானத்தில் தோண்டுவதை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள். நான் இருபத்தைந்தாம் தேதி கலகக்காரனாக ஆஜராக வேண்டும். இந்த வயதில் இது எனக்குத் தேவையா மச்சான்? ஆகவே கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், அந்த வரவேற்பு மேசையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நானே அவளைக் கொண்டுவந்து உங்கள் கையில் ஒப்படைக்கிறேன். இந்தக் கத்தல், கிழிசல், கேஸ் எல்லாவற்றையும் விட்டு அவள் ஒரு நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்தால் போதும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள். உங்கள் தங்கை உங்களுக்குத் தனியாக எதுவும் சொல்லச் சொல்லவில்லை, கேட்டதற்கு முறைத்தாள்.

தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து எதிரே நின்றாள். "மாமாவுக்குத்தானே லெட்டர்? வரேன்னு போடுங்க. நான் போறேன்" என்றாள். இத்தனை நாள் கழித்து என்னோடு பேசுகிற முதல் பேச்சு. எனக்குச் சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை. பேண்ட் என்ன ஆச்சும்மா என்றேன். "கலைச்சுடலாம்னு சொல்லிட்டேன். நான் வாயைத் தொறந்தா நீங்க திருத்துவீங்க, சின்னதுலேருந்து. பாடும்போது மட்டும்தான்ப்பா யாரும் திருத்தல. அங்கயும் நாற்காலி போட்டு ஏறிட்டீங்க" என்றாள். மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதுவிட்டேன். "நீ தப்பாவே பாடும்மா. உன் வாயில வர்றபடியே பாடு. எவன் என்ன சொல்றான்னு நான் பார்த்துக்கறேன்" என்றேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பிழையை அப்படியே இருக்கட்டும் என்று நான் விட்டது இதுதான் முதல் தடவை. அவள் உள்ளே போய் மற்ற இரண்டு பேருக்கும் போன் போட்டாள். கூட்டம் கூடியது. நாலு மணி நேரம் நடந்தது. முடிவு ஒருமனதாக.

ஆகவே மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டு இந்தப் பத்தியை மட்டும் படிக்கவும். மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இருபதாம் தேதி எங்களுக்குப் பஸ் டிப்போ வாசலில் நிகழ்ச்சி. பாட்டை அவள் அவள் இஷ்டப்படிதான் பாடுவாள். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு 'ழ' மட்டும் நான் கத்த வேண்டும். பாட்டுக்கு ஒரு 'ழ' கொடுத்தால் போதும் என்றுதான் கேட்டேன், வரிக்கு ஒன்றாக மூன்று கொடுத்துவிட்டார்கள்.